கிளினிக்குக்கு ஒரு வரவேற்பு மேசை: பட்டறையிலிருந்து சில குறிப்புகள்

நகலெடுப்பதை எல்லாம் ஜெராக்ஸ் என்பது போல, பெங்களூருவில் மேசைகளின் மேற்பரப்புக்குப் போடும் சாலிட் சர்ஃபேஸ் ஷீட் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதற்குக் 'கோரியன்' என்றுதான் பெயர். கொரியாவிலிருந்து வருவதால் அந்தப் பெயர் என்று நம்பும் வாடிக்கையாளர்கள்கூட எனக்கு உண்டு. உண்மையில் அது அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1967-ல் உருவாக்கிய பொருளுக்கு வைத்த பெயர். ஹைமேக்ஸ், ஸ்டாரான் என்று கொரிய நிறுவனங்களின் ஷீட்டுகள் பின்னால் வந்தது குழப்பத்தை முழுமையாக்கிவிட்டது.

பெயர் எதுவானாலும், முழு அக்ரிலிக் ஷீட்டில் சரக்கு ஒன்றுதான். சுமார் மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின்; மீதி, பாக்சைட்டிலிருந்து எடுக்கும் அலுமினியம் ட்ரைஹைட்ரேட் தூள். மேற்பரப்பில் இருப்பதுதான் அடிவரை இருக்கிறது. நுண்துளை கிடையாது, அதனால் ரத்தமோ மருந்தோ சிந்தினால் உள்ளே இறங்காது. இரண்டு துண்டுகளை அதே நிறப் பசையால் ஒட்டித் தேய்த்தால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் தட்டுப்படாது. கிளினிக்குகள் இதைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். கிரானைட்டில் இணைப்புக் கோட்டில் அழுக்கு சேரும். மைக்கா ஒட்டிய மேசையில் ஆறே மாதத்தில் விளிம்பு பிரிந்து, கிருமிநாசினி உள்ளே போய்ப் பலகை உப்பும்.

முன்பு அல்சூரில், இப்போது மைசூர் சாலைப் பக்கம், சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். மரவேலை தெரிந்து, இந்தப் பொருளுக்குப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் போய் உட்காருங்கள்

அளவு நாடாவை எடுப்பதற்கு முன், கிளினிக்கில் ஒரு காலை நேரம் முழுவதும் நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். மருத்துவரும் கட்டட வடிவமைப்பாளரும் சொல்லாத விஷயங்கள் எல்லாம் அங்கே நடக்கும்.

ஒரு பெரியவர் வருவார். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் ஸ்கேன் படங்கள் போட்ட பெரிய உறை. பணப்பையை எடுக்கத் தடியை மேசையின் விளிம்பில் சாய்ப்பார். அது வழுக்கிக் கீழே விழும். குனிந்து எடுக்க அவரால் முடியாது; வரவேற்பில் இருக்கும் பெண் எழுந்து சுற்றிக்கொண்டு வருவார். இது ஒரு காலையில் நான்கு முறை நடந்ததை எண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து என் மேசைகளின் முன் விளிம்பில் 30 மி.மீ. அகலத்துக்கு இங்கிலீஷ் 'யு' வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டுகிறேன். தடி அதில் நிற்கும். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை, சுழலும் பிட்டால் வெட்டிக் குடையும் ரவுட்டர் இயந்திரத்தில் ஐந்து நிமிட வேலை.

இடுப்பில் குழந்தையோடு வரும் தாய் கைப்பையை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். கணினித் திரையில் இருக்கும் முந்தைய நோயாளியின் விவரம் அடுத்தவர் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். கார்டு தேய்க்கும் இயந்திரத்தின் வயர் எந்தப் பக்கம் இழுபடுகிறது, அச்சு இயந்திரத்துக்காக அந்தப் பெண் எத்தனை முறை எழுகிறார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் அந்தக் குறிப்பிலிருந்துதான் பிறக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த ஓட்டல் வரவேற்பறைப் படத்தைக் காட்டி 'இப்படியே வேண்டும்' என்பார்கள். ஓட்டலுக்கு வருபவர் பெட்டியோடு வருகிறார், இங்கே வருபவர் வலியோடு வருகிறார் என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

உயரங்கள்

நின்று பேசுபவருக்கு 1050 மி.மீ. உயரம். உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 740 மி.மீ. இரண்டுக்கும் இடையில் இருக்கும் 310 மி.மீ. சுவர் போலத் திரையையும் காகிதங்களையும் மறைத்துவிடும்.

மூன்றாவது உயரம் ஒன்று உண்டு, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேசையின் ஒரு பகுதி தாழ்ந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகு இதைச் சலுகையாகப் பேசும் காலம் முடிந்துவிட்டது. நான் வைக்கும் அளவு: மேல்பரப்பு 760 மி.மீ. உயரம், அகலம் 900-க்குக் குறையாமல், அடியில் முழங்கால் நுழைய 700 உயரமும் 480 ஆழமும் காலியிடம். அந்தக் காலியிடத்தில் குப்பைக்கூடையோ யுபிஎஸ்ஸோ வந்து குடியேறாமல் இருக்க வேண்டுமானால், அவற்றுக்கு வேறு இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை மேசை என்று கேட்பார்கள். பார்வை மங்கியவருக்கு மேசை எங்கே முடிகிறது என்று தெரியாது, இடித்துக்கொள்வார். விளிம்பில் மட்டும் சற்று அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை ஒட்டலாம். முழுக் கறுப்பு வேண்டவே வேண்டாம். கைவளையல் உரசிய கோடுகூட அதில் பளிச்சென்று தெரியும். பளபளப்பான மெருகும் வேண்டாம். மேலே இருக்கும் விளக்கு அதில் பிரதிபலித்து, படிவம் நிரப்புபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

ஷீட் வாங்கும்போது

பொதுவான ஷீட் 12 மி.மீ. தடிமன், 760 மி.மீ. அகலம், சுமார் 3680 மி.மீ. நீளம். ஒரு ஷீட் ஏறக்குறைய 30 சதுர அடி, 57 கிலோ. இருவர் சேர்ந்து, கதவைத் தூக்குவது போல நெட்டுக்குத்தாகத் தூக்க வேண்டும். படுக்கை வசத்தில் தூக்கினால் நடுவில் தொய்ந்து ஒடியும்.

முழு அக்ரிலிக் ஷீட் வேறு, பாலியெஸ்டர் கலந்தது வேறு. பின்னது விலை குறைவு, நேரான மேசைக்குப் போதும், ஆனால் சூட்டில் வளையாது. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், மாதிரித் துண்டைக் கொண்டுவந்து உப்புத்தாளில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பைக் விபத்துக்குப் பிறகு ஃபைபர் பகுதிகளை ஒட்டும் கடையில் வரும் காட்டமான நெடி அடித்தால் அது பாலியெஸ்டர். வளைந்த முகப்பு வேண்டுமென்றால் அந்த ஷீட்டைத் தொடாதீர்கள்.

ஷீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் உற்பத்தித் தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் தொகுதி மாறினால் சாயல் மாறும். பட்டறையின் குழல்விளக்கில் தெரியாது. கிளினிக்கின் கண்ணாடி வழியே காலை வெயில் விழும்போது, இரண்டு வேட்டிகளை இணைத்துத் தைத்தது போலத் தெரியும். ஒரு மேசைக்கு வேண்டிய ஷீட், பசை எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவதே நல்லது.

எலும்புக்கூடு

சாலிட் சர்ஃபேஸ் என்பது தோல்தான். எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் சட்டகம். தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை போட்ட 18 மி.மீ. பிளைவுட்டில் செய்கிறேன்; நீளம் 2.5 மீட்டரைத் தாண்டினால் இரும்புச் சதுரக் குழாயும் சேர்ப்பேன். மைசூர் சாலை டிம்பர் யார்டு லேஅவுட்டில் பிளைவுட்டுக்குப் பஞ்சமில்லை, முத்திரையைப் பார்த்து வாங்கும் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

கிளினிக்கில் தரையை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை துடைப்பார்கள். அந்தத் தண்ணீர் முதலில் தேடிப்போவது மேசையின் அடிப்பலகையைத்தான். அதனால் பிளைவுட் எந்த இடத்திலும் தரையைத் தொடக்கூடாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கால்கள் மீது சட்டகத்தை நிறுத்தி, அடியில் 100 மி.மீ. உயரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு அடியுங்கள். அந்தத் தகடு 75 மி.மீ. உள்வாங்கி இருந்தால் நிற்பவரின் கால்விரலுக்கு இடம் கிடைக்கும்.

வயர்கள் போகும் வழியை இப்போதே செய்துவிடுங்கள். பின்புறப் பலகை ஒன்று திருகாணி இல்லாமல் கழற்றும்படி இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் எப்போதும் கடைசி நாள், கடைசி மணி நேரத்தில்தான் வருவார்; உங்கள் அழகான மேசையில் அவர் துளையிடாமல் தடுக்க வேறு வழி இல்லை.

ரசமட்டம் வைத்து மூன்று திசையிலும் பாருங்கள். சட்டகத்தில் 2 மி.மீ. மேடு இருந்தால் ஷீட் அதன்மேல் ஊஞ்சலாடும். அழுத்தி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டலாம்தான், ஆனால் அந்த இறுக்கத்தை ஷீட் மறக்காது.

மூலை

இந்தத் தொழிலில் நான் வாங்கிய பெரிய அடி மூலையில்தான். பல் மருத்துவமனை ஒன்றில் மேசையை ஒட்டிக் கட்டடத்தின் தூண் இருந்தது. தூணைச் சுற்றி ஷீட்டை வெட்ட வேண்டும். மரவேலைக்காரனின் கர்வத்தோடு, மூலைமட்டம் வைத்துக் கத்தி போன்ற தொண்ணூறு பாகை மூலை வெட்டினேன். தூணோடு கச்சிதமாக உட்கார்ந்தது. மருத்துவர் கைகொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து வரவேற்பில் இருக்கும் பெண் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, மேசையில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது. எத்தனை தடவை துடைத்தாலும் போகவே இல்லை." போய்ப் பார்த்தேன். முடியேதான், அவ்வளவு மெல்லிய கோடு. தூணின் மூலையிலிருந்து கிளம்பி விரற்கடை நீளம் வந்திருந்தது. விரிசல்.

காரணம் எளியது. இந்தப் பொருள் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். 3 மீட்டர் நீளமுள்ள துண்டு 20 பாகை செல்சியஸ் மாற்றத்துக்குச் சுமார் 2 மி.மீ. நீளம் மாறும். பகலெல்லாம் ஏசி, இரவில் அணைத்துவிடுவார்கள், ஏப்ரல் மாதக் கண்ணாடி முகப்பு வேறு. அசைய இடம் இல்லாதபோது அந்த விசை எல்லாம் கூர்மையான மூலையில் வந்து குவியும். வளைந்த மூலையில் அதே விசை பரவிவிடும்.

ஆகவே உள்மூலை எதையும் ரம்பத்தால் வெட்டாதீர்கள். ரவுட்டரால் வெட்டுங்கள், குறைந்தது 6 மி.மீ. ஆரம், இடம் இருந்தால் 12 அல்லது அதற்கும் மேல். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், ஏனென்றால் ரவுட்டர் விட்டுச்செல்லும் சிறு பல்தடம்கூட விரிசலுக்குத் தொடக்கமாகலாம். வயர் நுழையும் துளைக்கும் இதே விதி. சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையே 3 மி.மீ. விட்டு, அதைச் சிலிக்கானால் நிரப்புங்கள். தூணைச் சுற்றியும் அப்படியே. கச்சிதம் என்பது மரத்துக்குப் பெருமை. இங்கே அந்த 3 மி.மீ. இடைவெளிதான் பெருமை.

இணைப்பு

'எல்' வடிவ மேசைக்கு இணைப்பை உள்மூலைக்கு நேராக வைக்காதீர்கள். மூலையிலிருந்து 75 மி.மீ. தள்ளி வையுங்கள்.

இரண்டு விளிம்புகளும் துளி வெளிச்சம் புகாமல் பொருந்த ஒரு உத்தி உண்டு. இரண்டு துண்டுகளையும் எதிரெதிரே 10 மி.மீ. இடைவெளியில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 12 மி.மீ. பிட்டை அந்த இடைவெளி வழியாக ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். இரு பக்கமும் ஒரு மி.மீ. சீவப்படும். கை கொஞ்சம் நடுங்கி ஒரு பக்கம் மேடானாலும், மறுபக்கம் அதே இடத்தில் பள்ளமாகியிருக்கும், சேர்த்தால் பொருந்திவிடும்.

பிறகு சுத்தம். வெள்ளைத் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து விளிம்பைத் துடையுங்கள். வண்ணத்துணி வேண்டாம், சாயம் இறங்கும். பென்சில் கோடு இருந்தால் அழித்துவிடுங்கள். வெள்ளை ஷீட்டில் அந்தக் கோடு இணைப்புக்குள் சிக்கி, காலத்துக்கும் கறுப்பு நூலாகத் தெரியும். துடைத்த பிறகு விரல் படக்கூடாது. பட்டறைப் பையன்கள் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் என் முக்கிய வேலை.

பசை இரு பாகமானது, துப்பாக்கியில் போட்டு அழுத்தினால் முனைக்குழாயில் கலந்து வரும். முதலில் வரும் கொஞ்சம் சரியாகக் கலந்திருக்காது, அதைக் காகிதத்தில் பிதுக்கிவிடுங்கள். துண்டுகளை 3 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, பாதி உயரம் வரை பசை நிரப்பி, மெல்ல நெருக்குங்கள். பசை மேலே பிதுங்கி வரிசையாக நிற்க வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் எல்லோரும் செய்வது. கிளாம்ப்பை மூச்சைப் பிடித்து இறுக்குவது ஒன்று. பசை முழுவதும் வெளியேறி, இணைப்பு பட்டினி கிடக்கும். பிதுங்கிய பசையை ஈரத்திலேயே வழிப்பது இரண்டாவது. காய்ந்ததும் அந்தக் கோடு பள்ளமாகிவிடும். வழிக்காதீர்கள், அப்படியே விடுங்கள். சாதாரண வெப்பத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். டிசம்பர் இரவுகளில் இன்னும் தாமதமாகும். பிதுங்கிய பசையில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள், தடம் விழவில்லை என்றால் ஆயிற்று. அதன்பின் ரவுட்டரால் சீவித் தேய்த்துவிடலாம்.

இணைப்பின் அடியில் அதே பொருளில் 100 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். தெரியாத இடம்தானே என்று விட்டுவிட்டால், பின்னால் யாராவது அந்த இடத்தில் ஏறி நின்று டியூப்லைட் மாட்டும்போது தெரிந்துவிடும்.

வளைவு

முகப்பு வளைவாக வேண்டுமென்றால், முதல் இரண்டு மேசைகளுக்கு நீங்களே முயல வேண்டாம். பீன்யா தொழிற்பேட்டையில் இதற்கான சூட்டடுப்பு வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். ஷீட்டை ஏறக்குறைய 150 முதல் 160 பாகை வரை சீராகச் சூடாக்கி, மர அச்சில் அழுத்தி, ஆறும்வரை அசையாமல் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் வளைவில் வெளிறும், மிகுந்தாலும் கெடும். 12 மி.மீ. ஷீட்டுக்கு உள்வளைவின் ஆரம் 75 மி.மீ.-க்குக் குறைந்தால் எந்த அடுப்பும் காப்பாற்றாது. அடுப்புக்கு அனுப்பும் முன் ஷீட்டின் விளிம்புகளைத் தேய்த்து அனுப்புவது மட்டும் உங்கள் வேலை.

மேசையின் முகப்பில் கிளினிக்கின் பெயரைப் பொறிக்கச் சொன்னால், எழுத்தை ரவுட்டரால் குடைந்து வேறு நிறப் பசையை நிரப்பித் தேய்த்துவிடுங்கள். துடைக்கும்போது தூசி தங்காது. கன்னட எழுத்தின் உருண்டைகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. இங்கிலீஷின் கூர்முனைகள்தான் உயிரை எடுக்கும்.

கொண்டுபோவதும் பொருத்துவதும்

லிஃப்டை அளந்தீர்களா? நான் ஒரு தடவை அளக்கவில்லை. 2.4 மீட்டர் துண்டை மூன்று மாடிகள், குறுகிய படிக்கட்டில், ஒவ்வொரு திருப்பத்திலும் நெட்டுக்குத்தாக நிமிர்த்தி ஏற்றினோம். அன்றைக்குத் தூக்கியவர்கள் என்னோடு பேச ஒரு வாரமானது. குட்டியானை வண்டியில் எவ்வளவு நீளம் போகும், லிஃப்டில் எவ்வளவு, படிக்கட்டுத் திருப்பத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் எந்த இணைப்பைப் பட்டறையில் ஒட்டுவது, எதை இடத்தில் ஒட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

சட்டகத்தின் மீது 300 மி.மீ.-க்கு ஒரு பொட்டாகச் சிலிக்கான் வைத்து ஷீட்டை இறக்குங்கள். முழுக்கப் பசை தடவாதீர்கள், ஷீட் அசைய வேண்டும். ஷீட்டில் நேரடியாகத் திருகாணி ஏற்றவே கூடாது.

தேய்ப்பு வேலையை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வெள்ளைத் தூள் பறக்கும். அது உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது, நோயாளிகளுக்கும் ஆகாது. தேய்ப்பு இயந்திரத்தோடு தூசி உறிஞ்சியை இணைத்து, நீங்கள் முகக்கவசம் போட்டு, ஏசியை அணைத்து, அதன் காற்றிழுக்கும் சட்டத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் திங்கட்கிழமை காலை எல்லா அறையிலும் பனி பெய்திருக்கும். உப்புத்தாள் 120, 180, 240 என்று ஏறுவரிசையில். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரத்துணியால் துடைக்காமல் அடுத்ததற்குப் போனால், பழைய தாளின் துகள் ஒன்று புதிய தாளுக்கு அடியில் உருண்டு வட்டவட்டமாகக் கீறும். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போன்ற மெருகு நாரால் ஒரு சுற்று.

ஒப்படைக்கும் நாள்

சாவியை மருத்துவரிடம் கொடுங்கள், பாடத்தை வரவேற்பில் இருப்பவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நடத்துங்கள். ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி போட்டுத் துடைக்கலாம், பத்து நிமிடம் விட்டுத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். பெயின்ட் நீக்கும் திரவம், அசிட்டோன் இரண்டும் பக்கத்தில்கூட வரக்கூடாது. சூடான பாத்திரத்தை நேராக வைக்கக்கூடாது. நான் அவர்கள் கண்முன்னே பால்பாயின்ட் பேனாவால் மேசையில் ஒரு கோடு கிழிப்பேன். புது மேசையில் கிறுக்குகிறானே என்று பதறுவார்கள். மெருகு நாரை அவர்கள் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்வேன். கோடு போய்விடும். அதன்பிறகு அயோடின் கறைக்கும் சிறு கீறலுக்கும் என்னை அழைப்பதில்லை.

விளிம்பில் சில்லு பெயர்ந்தால் மட்டும் அழைப்பார்கள். அதற்கு அதே தொகுதி ஷீட்டின் துண்டு வேண்டும். மேசை முடிந்ததும் மிச்சத்திலிருந்து கையகலத் துண்டு ஒன்றை எடுத்து, தொகுதி எண்ணையும் தேதியையும் எழுதி, இழுப்பறைக்குள் வைத்துவிட்டு வருவது என் வழக்கமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கிளினிக்கில் இழுப்பறையைத் திறந்தால் துண்டைக் காணோம். தேடியதில், மருத்துவரின் அறையில் காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. எண்ணும் தேதியும் அழிந்துவிட்டிருந்தன. இப்போதெல்லாம் அந்தத் துண்டை இழுப்பறைக்கு அடியில், பிளைவுட்டில் இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே செருகி, மரத்துண்டுகளைத் திருகாணி போட்டு முடுக்கிவிடுகிறேன்.